கடைசியாகக் கேட்டவை

ஓல்டனில் எங்கள் வீட்டுக்கு மூன்று கணினிகள்.
பழையது, கோட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள்,
சப்பாத்துகளுக்கு மேல் ஒரு தட்டில்,
திரை கிடையாது, சின்னப் பச்சை வெளிச்சம் மட்டும்.
நிரூபன் அதற்கு வைத்த பெயர் களஞ்சியம்.
பாட்டு, படம், யாரோ ஒருவரின் கலியாண வீடியோ,
மகள் ஆறு வயதில் அழுத ஒரு நிமிடம்
எல்லாம் அதற்குள்.
என் மடிக்கணினி அதைத் தட்டிக் கேட்டு வாங்கும்.
மூன்றாவது, வெள்ளிக்கிழமைகளில்
மகளோடு லோசானிலிருந்து ரயிலில் வந்து
வீட்டு வலையில் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

பொருத்திய அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.
ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு சரி.
‘இனி உன்ர, என்ர எண்டு இல்லை.’
இருபத்தொரு வருசத்தில்
இவ்வளவு சுருக்கமாக அவர் எதையும் சொன்னதில்லை.

எனக்கு இரவு வேலை.
ஹெர்கிங்கனில் பொதிகள் பட்டியில் ஓடும்,
முகவரி கவிழ்ந்து வருவதை நிமிர்த்தி விடுவேன்.
அவருக்குப் பகல் வேலை, போன மாதம் வரை.
தொழிற்சாலைக் கடிதம்
கரண்டித் தட்டுக்கு அடியில் மடித்துக் கிடக்கிறது.
இப்போதும் அதே நேரத்துக்கு எழும்புகிறார்.
ஐந்து ஐம்பதுக்கு நான் கதவைத் திறக்க
பல் துலக்கியபடி நிற்பார்.
‘நித்திரை வந்ததோ?’
‘நல்லா.’
வாயில் நுரை இருந்தால்
பொய்யும் மெய்யும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

களஞ்சியத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
ஒரு காலை, தேநீர் ஆறட்டும் என்று
சும்மா திறந்தேன்.
கடைசியாகக் கேட்டவை:

00:40 நாதஸ்வரம்
01:55 அதே நாதஸ்வரம்
02:30 மகளின் அழுகை
02:31 மகளின் அழுகை
02:33 மகளின் அழுகை
03:12 மழைச் சத்தம், பாதியில் நிறுத்தியது
04:26 யாரோ ஒருவரின் கலியாணம், ஒலியில்லாமல்

நல்லா நித்திரை கொண்ட இரவு அது.

நான் கேட்கவில்லை.
கேட்டால் பட்டியலை அழிக்கப் பழகிவிடுவார்.
பிறகு நான் எங்கே போய்ப் பார்ப்பது?

அடுத்த சனி நிலவறைக்கு இறங்கினேன்.
சலவை அறைக் கதவில் திருமதி புறுக்கர்
கையெழுத்துப் போட்டு ஒட்டிய விதிகள், முப்பத்துநான்கு.
படமெடுத்து வந்து, குளியலறைக் கதவைச் சாத்தி,
தமிழாக்கித் தமிழாக்கிப் போனில் வாசித்தேன்.
ஒன்று: திறப்பை மாலை ஏழு மணிக்குள்
அடுத்த வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும்.
இரண்டு: ஞாயிறன்று துவைக்கலாகாது.
மூன்று: உலர்த்தியின் வடிகட்டியில் தங்கும் பஞ்சை
அவரவரே அகற்ற வேண்டும்.
பதின்மூன்றாவதில் எனக்கே கொட்டாவி.
அதையும் வெட்டவில்லை.
மொத்தம் பத்தொன்பது நிமிடம்.
‘இதைத் திறக்க வேண்டாம்’ என்று பெயரிட்டுக்
களஞ்சியத்தில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

இரண்டு இரவுகள் நாதஸ்வரம்தான்.
மூன்றாம் காலை குளியலறை இருட்டாக இருந்தது.
கோட்டைக் கழற்றாமலே மடிக்கணினியைத் திறந்தேன்.

01:20 இதைத் திறக்க வேண்டாம்

பிறகு வெறுமை.
இயந்திரம் செத்துவிட்டதோ என்று
அலுமாரியைத் திறந்து, அவருடைய ஈரக் கோட்டை விலக்கிப் பார்த்தேன்.
பச்சை எரிந்தது.

பத்தரைக்கு எழும்பி வந்தார்,
கன்னத்தில் தலையணை மடிப்பு.
கேத்திலில் தண்ணீர் நிரப்பினார்.
முதுகைத் திருப்பியபடியே கேட்டார்:
‘எட்டாம் விதிக்கு அங்கால என்ன?’